அன்சி ஏரிக்கரையில் மூன்று நாள்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெனீவாவுக்கு வருகிற பலரும், பக்கத்தில் பிரான்சுக்குள் இருக்கும் அன்சியை அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். காலையில் பஸ், பழைய ஊரின் வாய்க்கால் ஓரம் பத்துப் படம், ஒரு ஐஸ்கிரீம், மாலையில் திரும்ப பஸ். அப்படிப் போய்வந்தவர்கள் ஏரியின் நீர் வெளியேறும் வாயை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், ஏரியைப் பார்க்கவில்லை. தெற்கே போகப் போகத்தான் அது தன்னைக் காட்டும். அதனால் இந்த வழிகாட்டியை மூன்று பகல், இரண்டு இரவு என்ற கணக்கில் எழுதுகிறேன். ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றால், சரி, பழைய ஊரை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு நேராக ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுங்கள்.

முதலில் பெயர். எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'அன்னெசி' என்று வரும். ஊர்க்காரர்கள் சொல்வது 'அன்சி'. இந்தச் சவோய் பகுதியின் பல ஊர்ப் பெயர்களில் கடைசியில் வரும் இசட் எழுத்துக்கு ஒலி கிடையாது. சேன் ஜோரியோ, செம்னோ, லா கிளுசா எல்லாவற்றின் பெயர்ப் பலகையிலும் அந்த எழுத்து இருக்கும், வாயில் வராது. பஸ் ஓட்டுநரிடம் ஊர் பெயர் சொல்லும்போது இது கைகொடுக்கும்.

வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஆல்ப்ஸ் மலைகள் எழும்பத் தொடங்கும் இடத்தில், ஓத் சவோய் மாவட்டத்தின் தலைநகரம் அன்சி. சவோய் பகுதி பிரான்சோடு சேர்ந்தது 1860-இல்தான். ஊரின் வடிவத்திலும் சாப்பாட்டிலும் அந்தப் பழைய மலைநாட்டுச் சாயல் இன்னமும் இருக்கிறது.

ஏரியின் வட முனையில் நகரம். அங்கிருந்து தென்கிழக்காக ஏறக்குறைய 14.6 கிலோமீட்டர் நீண்டு, துசார் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஏரி முடிகிறது. பரப்பு 27 சதுர கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து 447 மீட்டர் உயரம். மேற்குக் கரை சமதளம். செவ்ரியே, சேன் ஜோரியோ என்று கிராமங்களும், கரையை ஒட்டி சைக்கிள் பாதையும் அங்கே. கிழக்குக் கரை செங்குத்து. வெய்ரியே, மாந்தோன் சேன் பெர்னார், தலுவார் ஆகிய ஊர்கள் மலையடிவாரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மேலே 2,351 மீட்டர் உயரத்தில் துர்னெத் சிகரம். பாதி வழியில் மேற்குக் கரையிலிருந்து துவேன் என்ற முனை ஏரிக்குள் நீட்டிக்கொண்டு, பெரிய ஏரி, சிறிய ஏரி என்று இரண்டாகப் பிரிக்கிறது.

இதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மாலையில் மேற்குக் கரை சீக்கிரமே மலை நிழலில் விழுந்துவிடும், கிழக்குக் கரையில் வெயில் நின்று நிதானமாக இருக்கும். ஆகவே காலையில் மேற்கு, மாலையில் கிழக்கு. கீழே சொல்லப்போகும் திட்டம் முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் நிற்கிறது.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

என் தேர்வு செப்டம்பர். தண்ணீரில் கோடைச் சூடு மிச்சமிருக்கும், பள்ளிகள் திறந்துவிட்டதால் கூட்டம் வடிந்திருக்கும். அடுத்தபடியாக மே கடைசி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏரியைச் சுற்றியுள்ள ஒற்றைச் சாலை வாகனங்களால் அடைத்துக்கொள்ளும். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை ஏரியின் மேல் பெரிய வாணவேடிக்கை நடக்கும். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் பல மாதம் முன்பே அறை எடுங்கள். அதற்காகப் போகவில்லை என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜூனில் இன்னொரு விஷயம். 1960-இலிருந்து இங்கே அனிமேஷன் படவிழா நடக்கிறது. உலகம் முழுக்க அந்தத் துறையில் இருப்பவர்கள் வந்து குவியும் வாரம் அது. அனிமேஷனில் ஆர்வம் உள்ளவர்களுக்குக் கொண்டாட்டம், மற்றவர்களுக்கு அறை கிடைப்பதே கஷ்டம். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை மலை மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளைப் பூவும் மணியும் கட்டிப் பழைய ஊர் வழியே ஓட்டிவருவார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

படி 2: விசாவும் வழியும்

இந்தியா, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்பே கொடுத்தாக வேண்டும். கோடைப் பயணத்துக்கு விண்ணப்பம் கொடுக்கும் நேரம் கிடைப்பது சிரமம் என்பதால் கடைசிவரை காத்திருக்காதீர்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து நாள் சுவிட்சர்லாந்து, இரண்டு நாள் அன்சி என்றால் விண்ணப்பம் சுவிட்சர்லாந்துக்குப் போகும். இரண்டுமே ஷெங்கன் நாடுகள் என்பதால் எல்லை தாண்டத் தனி விசா இல்லை, ஆனால் பஸ்ஸில் ஏறிப் பரிசோதிப்பதுண்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் புதைக்காமல் கையிலேயே வைத்திருங்கள்.

ஜெனீவா விமான நிலையத்திலிருந்து அன்சி 45 கிலோமீட்டர் அளவில்தான். நேரடி பஸ் உண்டு, அன்சி ரயில் நிலையத்தை ஒட்டிய பஸ் நிலையத்தில் இறக்கிவிடும். ஜெனீவா நகரத்திலிருந்து ரயிலும் இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் ஆகும். பாரிஸிலிருந்து வருகிறவர்கள் கார் த லியோன் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை பாதியாகக்கூட இருக்கும்.

கார் வேண்டுமா? ஏரிக்கு மட்டும் என்றால் வேண்டாம். ஒரு ஆகஸ்ட் மதியத்தில் வெய்ரியே பக்கம் காரில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றோடு அந்த ஆசை எனக்குப் போய்விட்டது. மலைக் கிராமங்களையும் சுற்றுவதாக இருந்தால் மூன்றாம் நாளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: எங்கே தங்குவது

முகவரியில் 'அன்சி' என்று இருப்பதை மட்டும் நம்பி அறை எடுக்காதீர்கள். 2017-இல் சுற்றியிருந்த ஐந்து ஊர்களை அன்சியோடு இணைத்துவிட்டார்கள். செய்னோ, மெய்தே, பிரான்ஜி எல்லாம் இப்போது முகவரியில் அன்சிதான், ஆனால் ஏரியிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. வரைபடத்தில் ஏரிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பழைய ஊருக்குள் தங்குவது அழகுதான். கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டியை இழுக்க வேண்டும், நள்ளிரவுவரை கீழே பேச்சுச் சத்தம் இருக்கும். தூக்கம் முக்கியம் என்றால் ரயில் நிலையத்துக்கும் ஏரிக்கும் நடுவில் பாருங்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது செவ்ரியே அல்லது சேன் ஜோரியோ. சமையலறை உள்ள வீடுகள் கிடைக்கும், வாசலிலிருந்தே சைக்கிள் பாதை. இரவில் ரசம் சாதம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் நடக்கலாம். தலுவார் இவை எல்லாவற்றையும்விட அமைதி, விலையும் அதற்கேற்ப.

படி 4: முதல் நாள், நகரமும் முதல் குளியலும்

பழைய ஊருக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே போங்கள். பத்து மணிக்கு மேல் அதே பாலங்களில் நிற்க இடம் இருக்காது.

ஊருக்கு நடுவே ஓடும் தியூ என்ற ஆற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஏரியின் வெளியேற்றமே இந்த ஆறு. மொத்த நீளம் மூன்றரை கிலோமீட்டர்தான், அதற்குள் ஃபியே ஆற்றில் கலந்து, அதன் வழியே ரோன் நதிக்குப் போய்விடுகிறது. ஊருக்குள் ஓரிடத்தில் மதகுகள் இருக்கின்றன. ஏரியின் மட்டத்தைக் கட்டிக்காப்பது அந்தக் கதவுகள்தான். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மதகுக்கு மேல்புறம் தண்ணீர் கண்ணாடிபோல அசையாமல் கிடக்கும், அடியில் கூழாங்கற்களையும் பாசியையும் எண்ணிவிடலாம். கீழ்ப்புறம் அதே தண்ணீர் வெள்ளையாக நுரைத்து இறங்கும். இந்தத் தண்ணீரின் விசையில்தான் ஒரு காலத்தில் ஊரின் ஆலைகளும் பட்டறைகளும் ஓடின.

ஆற்றின் நடுவே கப்பல் முகப்புபோல நிற்கும் கல் கட்டடம் பலே த லில். அன்சியின் படம் என்று நீங்கள் எங்கே பார்த்தாலும் இதுதான் இருக்கும். 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டடம், நாணயச்சாலையாகவும் நீதிமன்றமாகவும் சிறையாகவும் இருந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரிலும் இங்கே ஆட்களை அடைத்துவைத்தார்கள். மேலே குன்றின்மேல் ஜெனீவா பிரபுக்களின் கோட்டை. நேரம் குறைவு என்றால் கோட்டைக்குள் போகாவிட்டாலும் அந்த வாசல்வரை ஏறி, கூரைகளுக்கு மேல் ஏரியைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பேராலயத்துக்குப் பக்கத்து முற்றத்தில் ஒரு பொன்னிறக் கம்பிவேலி தென்படும். பின்னாளில் தத்துவஞானியாகப் பெயர் பெற்ற ரூசோ, 1728-இல் பதினைந்து வயதில், தன்னை ஆதரித்து வளர்த்த மதாம் த வாரனைச் சந்தித்த இடம் அது. அந்த இடத்தைச் சுற்றிப் பொன்வேலி போட வேண்டும் என்று அவர் பின்னாளில் எழுதினார். இருநூறு ஆண்டு கழித்து, 1928-இல், ஊர் போட்டுக் கொடுத்தது.

செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைகளில் பழைய ஊரில் சந்தை. அங்கே ரெப்லோஷோன் சீஸ் வாங்கும்போது வட்டத்தின் மேலே ஒட்டியிருக்கும் சின்ன வில்லையைக் கவனியுங்கள். பச்சை வில்லை என்றால் ஒரே பண்ணையின் பாலில் அங்கேயே செய்தது, சிவப்பு என்றால் பல பண்ணைகளின் பாலைச் சேர்த்துச் செய்தது. பச்சையையே கேளுங்கள். பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கறக்கும் பாலின் அளவுக்கேற்ப நில உடைமையாளருக்குக் கட்ட வேண்டியிருந்த காலத்தில், அளக்க வரும்போது பாதி கறந்து காட்டிவிட்டு, ஆள் போனபின் மறுபடி கறப்பார்களாம். அந்த இரண்டாம் கறவைப் பாலில் கொழுப்பு அதிகம். அதில் செய்த சீஸ்தான் இது. பெயரின் பொருளும் 'மறுபடி கறப்பது'தான்.

மதியத்துக்குப் பிறகு ஏரிக்கரைக்கு வாருங்கள். ஐரோப்பா பூங்காவில் பெர்த்தொலே என்ற வேதியியலாளரின் சிலை இருக்கிறது. துணியை குளோரினால் வெளுக்கும் முறையைக் கண்டவர், எதிர்க்கரையில் இருக்கும் தலுவாரில் 1748-இல் பிறந்தவர். அங்கிருந்து காதலர் பாலத்தைக் கடந்தால் பாக்கியே புல்வெளி. ஊர் முழுக்க மாலையில் இங்கேதான் கால்நீட்டி உட்காரும். இன்னும் கொஞ்சம் கிழக்கே நடந்தால் அல்பின்யி கடற்கரை... ஏரிக்கரை என்று சொல்ல வேண்டும், ஆனால் அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் வாயில் கடல் என்றுதான் வருகிறது. இங்கே குளிக்கக் கட்டணம் இல்லை, மாலை வெயிலும் கடைசிவரை இருக்கும்.

இறங்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1950-கள்வரை கரையோர வீடுகள், ஹோட்டல்களின் கழிவுநீர் இந்த ஏரிக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. மீன் குறைந்தது, தண்ணீர் கெட்டது. பால் செர்வெத்தாஸ் என்ற மருத்துவர் விடாமல் எச்சரித்தார். 1957-இல் கரையோர ஊராட்சிகள் ஒன்றுசேர்ந்து ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. அடுத்த இருபது ஆண்டில் ஏரியைச் சுற்றி ஒரு கழிவுநீர்க் குழாயைப் பதித்து, ஒரு சொட்டும் ஏரிக்குள் விழாமல், நகரத்துக்குக் கீழே கொண்டுபோய்ச் சுத்திகரித்து வெளியேற்ற ஏற்பாடு செய்தார்கள். சுத்திகரித்த நீரைக்கூட ஏரிக்குள் விடுவதில்லை. இன்று நகரத்தின் குடிநீரே இந்த ஏரியிலிருந்து வருகிறது. ஹோட்டலில் 'உன் கராஃப் தோ' என்று கேட்டால் இலவசமாக ஒரு ஜாடித் தண்ணீர் வைப்பார்கள். நீங்கள் மதியம் குளித்த ஏரிதான் அது. பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டியதே இல்லை. கெட்டுப்போன ஏரியை ஒரு தலைமுறைக்குள் மீட்க முடியும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சியை நான் பார்த்ததில்லை. அன்சியில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் கோட்டையையும் பாலத்தையும் விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

படி 5: இரண்டாம் நாள், ஏரியைச் சுற்றி 40 கிலோமீட்டர்

சைக்கிள் கடைகள் ரயில் நிலையம் பக்கமும் ஏரிக்கரையிலும் இருக்கின்றன. உடம்புக்குப் பழக்கம் இல்லை என்றால் தயங்காமல் மின்சைக்கிளே எடுங்கள், கிழக்குக் கரை ஏற்றத்தில் அதன் அருமை தெரியும். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பாதையிலும் வலப்பக்கமாகவே ஓட்ட வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் குறுக்குப் பாதைகளில் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள்.

எட்டு மணிக்குக் கிளம்பி மேற்குக் கரையாகத் தெற்கே போங்கள். ஏரி கடைசிவரை உங்கள் இடக்கைப் பக்கமே இருக்கும். இந்தப் பாதை முன்பு அல்பெர்வில் போகும் ரயில் தடமாக இருந்தது. அதனால் ஏற்ற இறக்கமே தெரியாது, கார்களும் இல்லை. செவ்ரியேயில் பக்கார் என்ற மணி வார்ப்பாலையின் காட்சியகம் இருக்கிறது. பாரிஸ் சாக்ரே கேர் பேராலயத்தின் ஏறக்குறைய 19 டன் எடையுள்ள பெரிய மணி இந்தக் குடும்பத்தார் வார்த்தது. அடுத்து சேன் ஜோரியோவில் ஒரு காபி.

அப்புறம் துவேன். பாதை திடீரென்று பாறைக்குள் நுழையும். பழைய ரயில் குகை, இருநூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெளியே வியர்த்துக்கொண்டு வந்தவர்களுக்கு உள்ளே சட்டென்று குளிர் முகத்தில் அடிக்கும். சக்கரங்களின் சரசரப்பு சுவரில் பட்டுப் பெரிதாகும், குழந்தைகள் கத்திக் கத்தி எதிரொலி கேட்பார்கள். மறுமுனை வெளிச்சத்தில் வந்து விழும்போது ஏரியே வேறாகத் தெரியும். இதுவரை பார்த்த அகலமான, படகுகள் நிறைந்த தண்ணீர் போய், இருபக்கமும் மலை நெருக்கிய சிறிய ஏரி. என்னைக் கேட்டால், அன்சி உண்மையில் தொடங்குவது இந்தக் குகைக்கு அப்பால்தான்.

துசாரில் நாணல் சூழ்ந்த காப்புநிலத்துக்குள் மரப்பாதையில் நடக்கலாம். சைக்கிளை வெளியே பூட்டிவிட்டு அரை மணி நேரம் கொடுங்கள். களைப்பாக இருந்தால் இங்கிருந்தே வந்த வழியில் திரும்பிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. மேற்கொண்டு போகிறவர்களுக்கு ஏற்றம் இருக்கிறது, சில இடங்களில் வாகனங்களோடு சாலையைப் பகிர வேண்டும். சிறு பிள்ளைகளோடு அந்தப் பகுதிக்குப் போக வேண்டாம்.

தலுவாரில் நிறுத்திச் சாப்பிடுங்கள், குளியுங்கள். 1896 கோடையில் ஓவியர் செசான் இங்கே தங்கி, எதிரே தெரியும் துவேன் கோட்டையையும் நீல ஏரியையும் வரைந்தார். அந்த ஓவியம் இப்போது லண்டனில் கோர்டோல்ட் காட்சியகத்தில் இருக்கிறது. கரையில் நின்றால் அந்தக் கோட்டையும் அதன் நிழலும் இன்றும் அதே இடத்தில். அடுத்து மாந்தோன். குன்றின்மேல் கோபுரங்களோடு நிற்கும் கோட்டை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டாக ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. பனிமலைக் கணவாயில் வழிப்போக்கர்களுக்காக மடம் கட்டிய புனித பெர்னார் இங்கே பிறந்தவர் என்பது மரபு. அந்த மடத்தின் பெயர்தான் செயின்ட் பெர்னார்ட் நாய்களுக்கு வந்தது. வெய்ரியே தாண்டி நகரம் வந்துசேரும்போது மாலை வெயில் உங்களோடு கூடவே வரும்.

படி 6: மூன்றாம் நாள், மேலே

வானம் தெளிவாக இருந்தால் செம்னோ மலை. நகரத்திலிருந்து 18 கிலோமீட்டர் அளவு, உச்சி 1,699 மீட்டர். அங்கிருந்து ஆல்ப்ஸின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளான் தெரியும். 2013 டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் இருபதாம் கட்டம் முடிந்ததும் இந்த உச்சியில்தான், அதில் கொலம்பியாவின் கின்தானா வென்றார். கோடையில் மதியத்துக்குமேல் மேகம் திரண்டு இடி மழை வரும், ஆகவே காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள்.

துணிச்சல் உள்ளவர்களுக்கு ஃபோர்க்லா கணவாயிலிருந்து பாராகிளைடிங். பயிற்சியாளரோடு சேர்ந்து பறந்து துசார் புல்வெளியில் இறங்குவீர்கள், செலவு நூறு யூரோவைத் தொடும் அல்லது தாண்டும். காற்று சரியில்லை என்றால் ரத்து செய்வார்கள். அதனால் கடைசி நாளுக்கு வைக்காமல் முதல் நாளிலேயே கேட்டு வையுங்கள். குளிர்காலத்தில் வருகிறவர்கள் லா கிளுசா, கிரான் போர்னான் பனிச்சறுக்கு ஊர்களுக்குப் பஸ்ஸிலேயே போய்வரலாம்.

படி 7: சாப்பாடு

மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு, இரவு ஏழு முதல் ஒன்பதரை. இந்த நேரம் தவறினால் பல இடங்களில் சமையலறை மூடியிருக்கும். கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த ஒரு சொல்லில் எதிரே இருப்பவரின் முகமே மாறும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. உருளைக்கிழங்கும் ரெப்லோஷோனும் சேர்ந்த தார்த்திஃப்லெத்தில் பன்றிக் கறித் துண்டுகள் போடுவார்கள். 'சான் லார்தோன்' என்று கேட்டால் சில இடங்களில் இல்லாமல் செய்து தருவார்கள். சீஸை உருக்கிச் செய்யும் ஃபோந்துவில் வெள்ளை ஒயின் இருக்கும். ரெப்லோஷோன் உள்ளிட்ட மரபான சீஸ்களைக் கன்றின் வயிற்றுச் சாற்றால்தான் உறைய வைக்கிறார்கள், அதையும் தவிர்ப்பவர்கள் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். குரோசே என்ற சின்னச் சதுரப் பாஸ்தாவைக் காளானோடு கேட்டுப் பாருங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் ஃபெரா என்ற மீனை விடக்கூடாது. மெல்லிய வெள்ளைச் சதை, வெண்ணெயும் எலுமிச்சையும் போதும்.

ஊருக்கு ரெப்லோஷோன் எடுத்துப்போவதாக இருந்தால் கிளம்பும் நாள் காலை சந்தையில் வாங்கி, காற்று நீக்கிப் பொதிந்து தரச் சொல்லுங்கள். மென்மையான சீஸை விமான நிலையத்தில் திரவக் கணக்கில் சேர்ப்பார்கள். கைப்பையில் வைத்தால் பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள், பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.